டீச்சர் படுத்துத் தூங்கிய வருஷங்கள்

"காரை யாராவது எடுங்கப்பா. அது நின்னா எங்க வண்டி உள்ள வராது" என்று அமரர் ஊர்தியின் ஓட்டுநர் தெருமுனையிலிருந்து மறுபடியும் குரல் கொடுத்தார்.

வாசலில் நின்ற சின்னக் கார் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. கூரையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் எல். சாவியை நீட்டியபடி கண்ணாடிக்காரர் படியில் நின்றார். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவர் அவர். உள்ளே கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தது அவர் மனைவி. தெருவில் கூடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். ஆனால் ஒருவர்கூடச் சாவிக்குக் கை நீட்டவில்லை.

"நீங்க எடுங்க வக்கீல் சார்."

"நானா? இந்தத் தெருவுல ரிவர்ஸ் எடுத்து அந்தத் தூண்ல இடிச்சு டீச்சர்கிட்ட வாங்கினது இன்னும் காதுலயே இருக்கு. வேற ஆளப் பாருங்க."

கடைசியில் பேக்கரிக்காரர் முன்னால் வந்தார். சாவியை வாங்கினார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, "சார், நீங்க பக்கத்துல வந்து உக்காருங்களேன்" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்ட வேணாம் சார். சும்மா இருந்தாப் போதும். அந்த சீட் காலியா இருந்தா எனக்கு வண்டி நகராது."

கண்ணாடிக்காரர் சுற்றிவந்து ஏறினார். அவள் குள்ளம், இருக்கை முழுவதுமாக முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால்கள் இடித்தன. பின்னால் தள்ளிக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை அவருக்கு. கால் வைத்த இடத்தில், சொல்லிக்கொடுப்பவருக்கான இரண்டாவது பிரேக் இருந்தது, பாதி தேய்ந்த ரப்பரோடு.

வண்டி உறுமி, குலுங்கி, அணைந்தது.

"கிளட்ச மெதுவா விடுய்யா!" கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மறுபடியும் அணைந்தது. அப்போது தையற்கடைக்காரி, டீச்சரின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, "அவசரம் உனக்கா, வண்டிக்கா?" என்று கேட்டுவிட்டாள். துக்க வீட்டு வாசல் என்பதை மறந்து தெருவே சிரித்தது. நிலைப்படியில் நின்ற டீச்சரின் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. சிரித்தது போலவேதான் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

கார் பின்னோக்கி நகர்ந்தது. திருப்பத்துக்கு வந்தபோது கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் காலை அழுத்திவிட்டார். வண்டி சடக்கென்று நின்றது.

"சார்!"

"மன்னிச்சுக்கோங்க. கால் தானா போயிடுச்சு."

"பரவால்ல சார்" என்றார் பேக்கரிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டீச்சரும் இங்கதான் மிதிப்பாங்க."

*

கண்ணாடிக்காரருக்கு ஓட்டத் தெரியாமல் போனதற்கு அவள் காரணமில்லை. வாலிபத்தில் அவரும் அவளிடம்தான் கற்றுக்கொள்ள வந்தார். ஊரில் பெண் ஒருத்தி கார் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். இவர் நிஜமாகவே கற்க வந்தார். நேராகப் போவதில் குறையில்லை. பின்னால் எடுக்கும்போது மட்டும் எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் போகும் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் தேர்வில் வரிசையாக வைத்த கூம்புகளைச் சாய்த்துவிட்டு அசட்டுச் சிரிப்போடு இறங்கி வருவார்.

"அரை மயிரிழை லென்ஸ் பிசகினா கண்டுபிடிக்கிறீங்க. இவ்வளவு பெரிய கூம்பு தெரியலையா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியுது டீச்சர். அதுதான் பயமா இருக்கு."

அவள் வெகுநேரம் சிரித்தாள். அதற்கப்புறம் உரிமம் வாங்கும் பேச்சு நின்று, வேறு பேச்சு தொடங்கியது. கல்யாணமாகி மகள் பிறந்து, அந்த மகளுக்குக் கல்யாணமான பிறகும் அவர் அவளை டீச்சர் என்றேதான் கூப்பிட்டார். எங்கே போனாலும் அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

அவளுக்கு முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுநர். தங்கையை இரண்டு தலையணை மேல் உட்காரவைத்து லாரியின் ஸ்டியரிங்கைக் கொடுத்தவர். இன்று விடிகாலையில் நீண்ட பஸ் பயணம் செய்து வந்து இறங்கி, கூடத்தில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, "பாப்பா, பாப்பா" என்று அழுதுகொண்டிருந்தார். அறுபது தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் இருந்த ஒரே ஆள்.

கூட்டம் பெட்டியைத் தூக்கியது. அடக்கம் முற்பகலிலேயே முடிந்தது. ஊர்தியின் பின்னால் போன கார்களின் வரிசையைப் பார்த்துப் போக்குவரத்துக் காவலர் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து சல்யூட் அடித்தார். வரிசையில் ஒரு காரும் இன்னொன்றை முந்தவில்லை. எல்லாரும் ஒழுங்காக இடைவெளி விட்டு, திருப்பத்துக்கு முன்பே விளக்குப் போட்டு, டீச்சருக்குப் பிடித்த மாதிரி ஓட்டினார்கள்.

*

வீடு திரும்பி, குளித்து, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சிஸ்டர் வந்தாள். மருத்துவமனை இதயப் பிரிவின் நர்ஸ். பணி முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு யார் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலருகே நின்றாள். கண்ணாடிக்காரர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சிஸ்டர்."

"நேத்து டியூட்டியில இருந்தேன் சார். வர முடியல" என்றாள் மெதுவாக.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இவங்கதான் பாப்பாவுக்கு மாத்திரை கொடுத்தவங்களா?"

சிஸ்டர் மெல்லத் தலையசைத்தாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருந்தாளே, நானே பாத்தேன். காலையில ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. அத்தனையும் உள்ள போனா ஒரு மனுஷி தாங்குவாளா? லாரி எஞ்சின்கூட அவ்வளவு ஆயில் குடிக்காது."

"மாமா" என்றாள் மகள். ஆனால் அவளும் சிஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன மாசம்கூட மாத்திரைய மாத்தினீங்களாமே சிஸ்டர். அம்மா போன்ல சொன்னாங்க."

"ஆமாம்மா. பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு. ரெண்ட குறைச்சோம்."

"குறைச்சதாலயா இப்படி ஆச்சு?"

"இதுவரைக்கும் கூட்டினதால ஆச்சுன்னாங்க, இப்ப குறைச்சதால ஆச்சா?" என்று தையற்கடைக்காரி குறுக்கே விழுந்தாள். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மாதிரி வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அவளுக்கு அனுபவம் சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் பேச வாயெடுத்தார். எங்கிருந்து தொடங்குவது?

இதயம் பலவீனமாகிவிட்டது, இனி ஆயுள் முழுக்க மருந்து என்று பெரிய டாக்டர் சொன்ன வருஷத்திலிருந்தா? நல்ல மனிதர் அவர். அறைக்கு வெளியே எப்போதும் திருவிழாக் கூட்டம். "எப்படி இருக்கீங்க?" என்பார். "நல்லாருக்கேன் டாக்டர்" என்பாள் அவள். "அதையே தொடருங்க" என்பார். அவளும் அதையே தொடர்ந்தாள். வீட்டிலோ நல்லா இல்லை. கணுக்கால் வீங்கிச் செருப்பு ஏறாது. மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து படுப்பாள். அப்படியும் மூச்சு முட்டி எழுந்து, மிச்ச இரவைச் சாய்வு நாற்காலியில் கழிப்பாள். முன்பெல்லாம் கடைக்கு வந்தால் மாடியேறி வருகிறவள், கீழேயே காரை நிறுத்தி ஹார்ன் அடிக்க ஆரம்பித்தாள். இவர் இறங்கிப் போவார்.

பெரிய டாக்டரின் மருத்துவமனைக்கு இந்த சிஸ்டர் புதிதாக வந்த சமயம். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நீர் பிரியறதுக்குக் கொடுக்கற தண்ணி மாத்திரை எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

அதுவரை எல்லாரும் கேட்டது 'போடறீங்களா' என்றுதான். அதற்கு ஆமாம் என்று தலையாட்டுவது சுலபம். எத்தனை மணிக்கு என்றதும் டீச்சர் இழுத்தாள்.

"காலையில..."

"போட்டதும் எங்க இருப்பீங்க?"

"கார்லதான். விடிஞ்சா வகுப்பு."

"அப்ப பாத்ரூமுக்கு?"

டீச்சர் கணவரைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஆம்பளை மாஸ்டரா இருந்தா வழியில மரம் இருக்கு சிஸ்டர். எனக்கு என்ன இருக்கு? வகுப்பு இல்லாத அன்னைக்கு மட்டும் போடுவேன்."

பக்கத்தில் படுத்த தனக்கே தெரியாத சங்கதியை, யாரோ ஒரு பெண் மூன்று கேள்வியில் வெளியே எடுத்துவிட்டாளே என்று கண்ணாடிக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. சிஸ்டர் அதட்டவில்லை. வகுப்பு எப்போது முடியும் என்று கேட்டாள். உச்சி வெயிலில் யாரும் வரமாட்டார்கள் என்றாள் டீச்சர். "அப்ப வீட்டுக்கு வந்து போட்டுக்கோங்க. காலையிலதான் போடணும்னு சட்டமா என்ன? டாக்டர்கிட்ட நான் கேட்டுச் சொல்றேன்."

பிறகு மற்ற மாத்திரைகளைப் பார்த்தாள். "இதெல்லாம் ஆரம்பிச்ச அளவுலயே நிக்குதே? உடம்பு ஏத்துக்குதான்னு பாக்கத்தான் இவ்வளவு கம்மியாக் கொடுக்கறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அப்பதான் இதயத்துக்குப் பலன்." டாக்டரிடம் போய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்லாருக்கேன்னு சொல்றவங்களை நாங்க திரும்பிப் பாக்கறதில்ல, அதான் கோளாறு" என்றார்.

வீட்டுக்கு ஓட்டி வரும்போது டீச்சர் சொன்னாள்: "இத்தனை நாள் ஃபர்ஸ்ட் கியர்லயே ஓட்டியிருக்கேன் பாருங்க. எஞ்சின் கத்தாம என்ன செய்யும்?"

ஏற்றியது லேசாகவா இருந்தது? சில வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அழுத்தம் பார்த்து, எடை பார்த்து, ஒரு மாத்திரையில் ஒரு படி. கூடவே புதிதாக இன்னொரு மாத்திரை. ஒருநாள் அடுப்படியில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போதும், எல்லாத்தையும் குப்பையில போடுங்க" என்றாள். கண்ணாடிக்காரர் குப்பைக்குப் போகாமல் போனுக்குப் போனார். சிஸ்டர், "நிறுத்திடாதீங்க. ஒண்ண ராத்திரிக்கு மாத்துவோம். ஒண்ணுல ஒரு படி இறங்கி, அப்புறம் திரும்ப ஏறுவோம்" என்றாள். அப்படித்தான் ஏறியும் இறங்கியும் ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று.

அதற்கப்புறம்தான் அந்தக் காலைப்பொழுது. கண்ணாடிக்காரர் விழித்தபோது சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. திரும்பினால், பக்கத்தில் அவள் மல்லாந்து கிடந்தாள். தலைக்கடியில் ஒரே ஒரு தலையணை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் நேராகப் படுத்துப் பார்த்து வருஷங்களாகியிருந்தன. போய்விட்டாள் என்றே நினைத்தார். "டீச்சர்..." என்றார். தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன?" என்று எரிந்து விழுந்தாள் அவள். "மனுஷி நிம்மதியாத் தூங்கினாப் பொறுக்காதா?"

அவர் எழுந்து போய்ப் பல் துலக்கினார். துலக்கிக்கொண்டே அழுதார். குழாயைத் திறந்துவிட்டதால் அவளுக்குக் கேட்கவில்லை.

இன்னொரு நாள், கடையில் ஒரு கிழவருக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கிழவர் எழுத்தைப் படிக்காமல், "பின்னால ஒரு அம்மா நிக்கறாங்க, சிவப்புப் புடவை, கையில கேரியர்" என்றார். திரும்பினால் டீச்சர். மாடி ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கவில்லை. "ஹார்ன் அடிக்கலாம்னுதான் வந்தேன். கால் கேக்கல" என்றாள். கிழவர், "இந்தக் கண்ணாடியே போதும், நல்லாத் தெரியுது" என்று எழுந்துவிட்டார்.

நெருங்கிப் பார்த்தால் அதன் பிறகு வந்தவை சாதாரண நாட்கள்தான். அணைக்கட்டுச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் காற்று வாங்கல். புது மாணவர்களைப் பற்றிய வம்பு. வங்கி மேனேஜர் ஒருவர் ஆட்டைப் பார்த்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்ட கதையை அவள் நடித்துக் காட்டி, இருவரும் சோறு ஆறும்வரை சிரித்தது. அந்த நாட்களில் எதையும் அவர் விசேஷமாகக் குறித்துவைக்கவில்லை. இப்போது எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன.

"அப்பா, என்னவோ சொல்ல வந்தீங்க" என்றாள் மகள்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "உனக்குக் குட்டி பிறந்தப்ப அம்மா உன் வீட்டுக்கு வந்து இருந்தா இல்ல?"

"ஆமா. அவ அழுதா அம்மாதான் தோள்ல போட்டுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவாங்க. நான் தூங்கிடுவேன்."

"அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அவளால ஒரு வாளித் தண்ணி தூக்க முடியாது. நாற்காலியில உக்காந்தேதான் தூங்குவா."

மகள் அவரைப் பார்த்தாள். "என்கிட்ட நல்லாருக்கேன்னுதானே சொல்வாங்க?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான். இவங்க ஒருத்தர்தான் நம்பல."

சிஸ்டர் மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "போன மழையிலிருந்து இதயம் மறுபடி களைச்சுப் போச்சும்மா. டாக்டர் என்கிட்ட ஒளிக்கல. அவகிட்டயும் ஒளிக்கல. வீட்டுலயே இருக்கேன்னு அவதான் சொன்னா. நேத்து காலையில ஜன்னல்கிட்ட உக்காந்து பாதி டீ குடிச்சா. தெருவுல யாரோ கியர் மாத்தினாங்க, கரகரன்னு சத்தம். 'கிளட்ச முழுசா மிதிக்கல பாருங்க'ன்னா. நான் எட்டிப் பாத்தேன். திரும்பறதுக்குள்ள..."

மகள் எழுந்து போய் சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

*

பிற்பகலில் வீடு அடங்கியது. வந்தவர்கள் போய்விட்டார்கள். மகள் அம்மாவின் கட்டிலில் குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். கண்ணாடிக்காரர் கூடத்துக்கு வந்தபோது, அண்ணனுக்காக விரித்த பாய் அப்படியே கிடந்தது. அண்ணன் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, திறந்த ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"படுக்கலையா மச்சான்?"

"தூக்கம் வரல மாப்ளே."

"படுத்தா என்ன பண்ணுது?"

அண்ணன் மூச்சை ஒருமுறை கூடுதலாக இழுத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். வேட்டிக்குக் கீழே தெரிந்த கால், டீச்சருடையதைப் போலவே நீர் கோத்து வீங்கிப் பளபளவென்றிருந்தது.

"உங்களுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

"கொடுத்தாங்க, கொடுத்தாங்க. அவனுங்களுக்கு வேற வேலை என்ன?"

"எப்பப் போடுவீங்க?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பேக்கரிக்காரர் தெருமுனையில் ஓரமாக விட்டிருந்த காரைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா போயிட்டான்னு போன் வந்ததும் பஸ் ஏறிட்டேன்" என்றார். "ராத்திரி பூரா பஸ்ஸு. தண்ணி மாத்திரையப் போட்டுக்கிட்டு எவன்கிட்ட நிறுத்துன்னு கெஞ்சறது? லாரியா அது, நம்ம இஷ்டத்துக்கு ஓரங்கட்ட?"

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி..." குரல் இறங்கியது. "கொஞ்சம் நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கறப்ப எதுக்குன்னு விட்டுட்டேன். அப்புறம் பாப்பா டப்பாவ அடுக்கி வெச்சிருந்ததப் பாத்தேன் இல்ல? நம்மளும் இப்படி ஆயிடுவோமோன்னு..." கையை உதறினார். "அவளுக்குத்தான் எல்லாத்துலயும் தைரியம். பத்து வயசுல லாரி ஸ்டியரிங்கக் கொடுத்தா, நான் பிரேக் மேல காலை வெச்சிருக்கேன், அவ பாட்டு பாடறா."

உள்ளே குழந்தை தூக்கத்தில் முனகி அடங்கியது.

"மூட்டையக் கட்டிட்டு இன்னிக்கே கிளம்பறதா இருந்தீங்களே" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆமா. அஞ்சு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

"அது போகட்டும். காலையில சிஸ்டரப் பாத்துட்டுப் போலாம்."

அண்ணன் மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. "என்னத் திட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"திட்ட மாட்டாங்க. கேப்பாங்க."

கண்ணாடிக்காரர் குனிந்து அவர் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் கூச்சத்தோடு காலை இழுக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார். கண்ணாடிக்காரர், டீச்சருக்கு சிஸ்டர் வீக்கம் பார்ப்பது போல, கட்டைவிரலைக் கணுக்காலுக்கு மேலே வைத்து, நோகாமல் அழுத்திப் பிடித்து, எடுத்தார். விரல் எடுத்த இடத்தில் ஒரு சின்னக் குழி நின்றது. இருவரும் அது நிரம்பக் காத்திருந்தார்கள்.